பெர்மிற் தொலைந்த பிறகு அப்பாவின் வயலை மீட்டெடுத்த அனுபவம்

போர்க்காலத்தில் காணிப் பெர்மிற்றைத் தொலைத்துவிட்டு, பிரதேச செயலகத்தில் "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்பியவர்கள் வன்னியில் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக, ஒரு சிறு குளத்தின் கீழ், எங்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் அதை அடுத்து ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் இருந்தன. 1970களில் காணிக் கச்சேரி எனப்படும் தெரிவுக் கூட்டம் வைத்து அப்பாவைத் தெரிவு செய்து வழங்கிய அரச காணி அது. காகிதம் எதுவும் கையில் இல்லாத நிலையில் அதைத் திரும்பப் பெற எனக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. எங்கே போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதிக் காலமாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் இந்தப் பெர்மிற் என்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை வைத்திருந்தவர்களிலேயே பலருக்கு அது சரியாகத் தெரியாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரமே அது. உறுதிக்காணியைப் போல அதை விற்கவோ விரும்பியபடி எழுதிக்கொடுக்கவோ முடியாது. காணி அரசுக்குரியது, பயிர் செய்யவும் குடியிருக்கவும் உள்ள உரிமையே பெர்மிற்காரருடையது. ஆனால் அந்த உரிமை ஒரு தாளோடு முடிந்துவிடுவதில்லை. பெர்மிற் எங்கள் கையில் இருக்கும்போதே, அதன் விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டிலும் ஒரு பக்கமாகப் பதியப்பட்டிருக்கும். இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அப்பா அந்தப் பெர்மிற்றைப் பிள்ளையைப் போலப் பாதுகாத்தவர். 1998 இல் ஒட்டுசுட்டான் பக்கம் சண்டை வந்து நாங்கள் புதுக்குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தபோதும், 2002 இல் போர்நிறுத்தம் வந்து திரும்பி வயலைத் திருத்தியபோதும் அது எங்களுடனேயே இருந்தது. 2008 இன் இறுதியில் மீண்டும் வெளிக்கிட்டபோது பிறப்புச் சான்றிதழ்களோடும் அடையாள அட்டைகளோடும் சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உரப்பைக்குள் வைத்துக்கொண்டார். 2009 இல் மாத்தளனில் அப்பா இறந்தார். பதுங்குகுழியிலிருந்து நாங்கள் ஓடியபோது உரப்பை அங்கேயே கிடந்தது. அம்மாவும் நானும் தம்பியும் உடுத்த உடையோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவைப் புதைத்த இடத்தையே அடையாளம் வைக்க முடியாமல் வந்தவர்களுக்குக் காகிதத்தைப் பற்றிய நினைவு வரவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது வயல் இருந்த இடத்தில் வயலைக் காணவில்லை. நாயுண்ணியும் சூரையும் ஈச்சையும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, இடையிடையே வீரையும் பாலையும் கன்றுகளாக எழும்பியிருந்தன. சில ஆண்டுகள் கழித்து அதன் ஓரமாக எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. எங்கள் வயலில் ஒரு பகுதி காட்டின் பக்கமாகப் போயிற்று. பெரியம்மாவின் காணியில் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா என்ற கணக்கில் வீட்டுத்திட்டம் ஊருக்கு வந்தது. காணிக்குரிய ஆவணத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்களிடம் எதுவும் இல்லாததால் பெயர் பட்டியலில் சேரவில்லை. பக்கத்துக் காணிகளில் கல் அரிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்க, மழைக்காலத்தில் அம்மா கொட்டிலுக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு காய்ந்த மூலையைத் தேடி நகர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். காணியை மீட்டே தீருவேன் என்று நான் முடிவெடுத்தது அந்த மாரியில்தான்.

பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்லர். "அக்கா, பெர்மிற் நம்பர் இல்லாமல் நான் எந்தக் கோவையைத் தேடுறது? அந்தக் காலத்துப் பேரேடுகளும் சண்டையில் அழிஞ்சு போச்சு" என்றார். அலுவலகமே மக்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த காலம் அது என்பதால் அவர் சொன்னதை நான் நம்பினேன். பின்னர் போனபோதும் அதே பதில்தான். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போவார், புதியவர் வருவார், நான் மறுபடி முதலிலிருந்து கதை சொல்லுவேன். அப்பா இறந்ததைச் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் குரல் அடைத்துக்கொள்ளும். பேரூந்தில் திரும்பும்போது யாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று இருக்கும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்; அந்தப் பதிலுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. எதையும் கடிதமாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று ஒன்றை ஒப்படைத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டி வையுங்கள். உத்தியோகத்தர் மாறினாலும் அந்த முத்திரை மாறாது. அதேபோல, சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் எழுதப்பட்டுள்ள விடயம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அடிப்படைக் காகிதங்களை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெர்மிற் தொலைந்ததாகப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுத்தேன். எப்போது, எங்கே, எந்தச் சூழலில் தொலைந்தது என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்தேன். அப்பாவின் மரணச் சான்றிதழ் வேறு ஒரு பெரிய வேலையாக இருந்தது. போரில் இறந்தவர்களின் மரணத்தைப் பதிவதற்கென 2010 இல் கொண்டுவரப்பட்ட தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழேயே அதைப் பெற முடிந்தது. சான்றிதழ்களில் பெயர் எழுதப்பட்ட விதத்தையும் உன்னிப்பாகப் பாருங்கள். அப்பாவின் பெயர் ஒரு காகிதத்தில் "கந்தையா" என்ற முற்பெயரோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று மற்றொரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று.

பணம் வீணான இடம் அடுத்து வந்தது. வரைபடம் ஒன்று இருந்தால் வேலை இலகுவாகும் என்று ஊரில் பலர் சொன்னதால், நகைகளை அடகு வைத்து 45,000 ரூபா கொடுத்து ஒரு தனியார் நிலஅளவையாளரைக் கொண்டு காணியை அளந்தோம். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரச காணி என்பதால், பிரதேச செயலகம் கேட்டு அரச நிலஅளவையாளர் அளந்தால்தான் எங்கள் விடயத்தில் அது செல்லும் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அந்த அடகுக்கு வட்டி கட்டியே நகைகளின் விலை முடிந்தது. காணியை அளக்க ஆள் பிடிப்பதற்கு முன், "எந்த வரைபடத்தை ஏற்றுக்கொள்வீர்கள்?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அதே காலத்தில், ஒரு பெரிய தொகைக்கு "உள்ளுக்குள் ஆள் பிடித்து" பெர்மிற் எடுத்துத் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா அவரைப் படலைக்கு வெளியே வைத்துப் பேசி அனுப்பிவிட்டார். அவரிடம் பணம் கொடுத்த இரண்டு குடும்பங்கள் இன்றுவரை எதையும் பெறவில்லை.

வழி திறந்தது கமநல சேவை நிலையத்தில்தான். உர மானியம் பற்றிக் கேட்கப் போன இடத்தில், எங்கள் குளத்துக் கமக்கார அமைப்பின் முன்னாள் தலைவரைச் சந்தித்தேன். எண்பது வயதை அண்டியவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, பெர்மிற் ஒரு புத்தகத்திலதான் இருந்ததெண்டு ஆர் சொன்னது? கொப்பர் ஏக்கர் வரி கட்டினவர், விதைநெல்லுக்குக் கடன் எடுத்தவர், வோட்டுப் போட்டவர். அவற்ற பேர் எத்தனை புத்தகத்தில கிடக்கும்" என்றார். அதுவரை நான் ஒரே கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு தம்பியோடு உட்கார்ந்து, அரசாங்கம் எங்கெங்கெல்லாம் அப்பாவின் பெயரை எழுதியிருக்கக்கூடும் என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதினோம்.

கமநல சேவை நிலையங்களில் வயற்காணி இடாப்பு இருக்கிறது. எந்த வயல்வெளியில் யார் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்று அதில் பதியப்படும். எங்கள் நிலையத்தில் இருந்தவை போருக்குப் பிந்தியவை. ஆனால் பழைய இடாப்பு ஒன்றின் ஒரு பகுதி மாவட்ட அலுவலகத்தில் கறையான் அரித்த நிலையில் கிடந்தது. அதில் அப்பாவின் பெயரும் குளத்தின் பெயரும் "3" என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியை அன்றே கேட்டு வாங்கினேன். பிறகு தேர்தல் அலுவலகத்தில் பழைய வாக்காளர் இடாப்பின் பகுதியைப் பெற்றேன். நான் படித்த பாடசாலையின் சேர்வு இடாப்பில் எங்கள் முகவரி இருந்தது. தம்பியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் தொழில் "கமம்" என்று இருந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எதுவும் மிஞ்சவில்லை. இவற்றில் எதுவும் தனியாக நின்று காணியைத் தந்துவிடாது. ஆனால் அத்தனையும் ஒரே ஊரையும் ஒரே மனிதரையும் காட்டும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் மாறுவதை நான் கண்டேன்.

எல்லாவற்றிலும் பலமான சான்று பக்கத்துக் காணிக்காரரின் பெர்மிற்றில் இருந்தது. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். ஒவ்வொரு பெர்மிற்றின் அட்டவணையிலும் அந்தக் காணியின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் வயலுக்குத் தெற்கே இருந்தவர்கள் போருக்கு முன்பே வெளியேறி, மகனோடு கனடாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடிக்கவே மாதங்கள் சென்றன. "எங்களிட்ட இருக்குது தங்கச்சி, அப்பா அதை விட்டுட்டு வரேல்ல" என்று அந்த அண்ணன் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அனுப்பிய படத்தில், "வடக்கு" என்ற இடத்துக்கு எதிரே அப்பாவின் பெயரும், அவருடைய காணித்துண்டின் இலக்கமும் தட்டச்சில் இருந்தன. பல ஆண்டுகளாக எல்லோரும் என்னிடம் கேட்ட அந்த இலக்கம், ரொறன்ரோவில் ஒரு வீட்டு அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. உங்கள் காணிக்கு நான்கு பக்கமும் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று விசாரியுங்கள். இந்தியாவில் முகாமில் இருக்கலாம், வவுனியாவில் இருக்கலாம். அவர்களில் ஒருவரிடமாவது காகிதம் இருக்கும்.

இலக்கம் கிடைத்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான அரச அலுவலகங்களில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவு சொல்லப்பட வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கேள்வியை எழுதும் விதம் மிக முக்கியம். "எங்கள் காணியைத் தாருங்கள்" என்பது தகவல் கோரிக்கை ஆகாது. பிரதேச செயலகத்துக்கு நான் இவ்வாறு எழுதினேன்: இன்ன இலக்கத் துண்டுக்குரிய காணிப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி, அது இல்லையெனில், இல்லை என்பதை உறுதிப்படுத்தும் கடிதம், அந்தக் குளத்தின் கீழ் காணிக் கச்சேரியில் தெரிவானவர்களின் பட்டியல், அந்தப் பகுதிக்கு நிலஅளவைத் திணைக்களம் வரைந்த படத்தின் இலக்கம்.

இதே கோரிக்கையை மாகாணக் காணி நிர்வாகத்துக்கும் தனியாக அனுப்பினேன். பேரேடு அழிந்துவிட்டது என்ற பதில் ஓர் இடத்திலிருந்து வந்தது. மற்ற இடத்திலிருந்து காணிக் கச்சேரிப் பட்டியலின் பிரதி வந்தது. அதில் அப்பாவின் பெயர், மனைவி பிள்ளைகளின் எண்ணிக்கை, துண்டு இலக்கம் எல்லாம் இருந்தன. "இல்லை" என்று வந்த கடிதமும் பயன்பட்டது: பேரேடு அழிந்தது எங்கள் குற்றமல்ல என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

அதன் பின்னரும் ஓர் இடறல் இருந்தது. பெர்மிற்காரர் இறந்து ஆறு மாதங்களுக்குள் அவருடைய வாழ்க்கைத்துணை காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரிமை போய்விடும் என்று அந்தக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அப்பா இறந்து ஆறு மாதங்கள் ஆனபோது அம்மா முட்கம்பிக்குள் இருந்தார். முகாமில் இருந்த காலத்துக்குரிய பதிவு அட்டையின் பிரதியையும் மீள்குடியேற்றப் பதிவையும் இணைத்து, வர முடியாமல் இருந்த காலம் எது என்று விளக்கி எழுதினேன். வடக்கு கிழக்கில் போரின் பின்னான அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கென்று காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டேன். சுற்றறிக்கையின் இலக்கத்தைச் சொல்லிக் கேட்பவரையும் சொல்லாமல் கேட்பவரையும் அலுவலகங்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பது என் அனுபவம். இந்தக் கடிதத்தை எழுத, இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஒரு சட்டத்தரணி துணை செய்தார்.

கள ஆய்வுக்கு உத்தியோகத்தர்கள் வந்த நாளில் எங்களுக்குத் துணை நின்றவை காட்டுக்குள் மறைந்திருந்த அடையாளங்கள். பற்றைக்குள் குனிந்து பார்த்தால் வரம்புகள் இன்னும் கோடு கோடாக ஓடின. மேட்டுக்காணியில் அப்பா கல் கட்டிய கிணறு தூர்ந்து கிடந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திருப்பும் கொங்கிறீற் குழாய் ஒன்று மண்ணுக்குள் இருந்தது. அதைத் தம்பி கையால் தோண்டிக் காட்டினான். ஆய்வுக்கு முன் இத்தகைய அடையாளங்களைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம். எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒரு தடியைக்கூட வெட்ட வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். ஆத்திரத்தில் காடு வெட்டிய ஒருவர் மீது வழக்குப் பதியப்பட்டு, காணிக் கோரிக்கையும் அதோடு தடைப்பட்டு நின்றதை நான் அறிவேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தால், அளவை, அடகு வட்டி, பேரூந்துக் கட்டணம், பிரதிகள் எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டியிருக்கும். கூலி வேலைக்குப் போகாமல் இழந்த நாட்களை நான் கணக்கிடவில்லை. கைவிட்டுப்போன வீட்டுத்திட்டம் வேறு. 2020 இல் ஊரடங்கு, 2022 இல் எரிபொருள் இல்லாமல் பேரூந்து ஓடாத மாதங்கள் என்று எல்லாம் நின்று போன காலங்களும் உண்டு. "பொம்பிளைப் பிள்ளை தனிய அலையுது" என்ற பேச்சும் காதில் விழுந்தது. அது காணி இழந்ததைவிட அதிகமாக வலித்தது.

இறுதியில், அரச நிலஅளவையாளர் வந்து அளந்த பின்னர், மேட்டுக்காணிக்கும் இரண்டரை ஏக்கர் வயலுக்கும் அம்மாவின் பெயரில் உரிமை ஏற்கப்பட்டது. அந்தக் காலபோகத்தில் ஒரு பகுதியைத் திருத்தி விதைத்தோம். பெர்மிற்றைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய், உங்களுக்குப் பின் காணிக்கு உரியவரான பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்துவிடுங்கள். அப்பா அதைச் செய்திருக்கவில்லை. அதனால் அம்மாவுக்கு வாழ்நாள் உரிமை மட்டுமே கிடைத்தது. தனக்குப் பின் யார் என்று பெயர் குறிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பெர்மிற்றின் இரு பக்கத்தையும் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். உங்கள் அயலவரின் பெர்மிற்றையும் கேட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமாக உள்ள அரை ஏக்கர் இன்னும் தீரவில்லை. அந்தக் கல் எந்த வரைபடத்தின்படி அங்கே நாட்டப்பட்டது என்று கேட்டுத் தகவல் விண்ணப்பம் கொடுத்தேன். 14 வேலை நாட்கள் கடந்தும் பதில் வராததால், மேன்முறையீட்டைச் சென்ற கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.